அச்சு, கிண்டில், சந்தா, பூட்டில்லாக் கோப்பு: தமிழ் நூலை எதில் வாங்குவது?

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். “அலமாரி நிரம்பிவிட்டது, வீட்டில் திட்டு விழுகிறது, கிண்டிலுக்கு மாறிவிடலாமா?” என்று ஒருவர். “மாதச் சந்தா கட்டினால் நூல் வாங்கவே வேண்டாமாமே?” என்று இன்னொருவர். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நூலின் விலையைவிடத் தபால் செலவு அதிகம் என்பதால் அவர்கள் கவலை வேறு. தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முறை படித்துவிட்டு மறக்கப்போகும் நூலை எதில் வேண்டுமானாலும் படியுங்கள். திரும்பத் திரும்பப் படிக்கப்போகும் நூலையும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல நினைக்கும் நூலையும் அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் மட்டும் வைத்திருக்காதீர்கள். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

## எதை வைத்து எடைபோடுவது

விலை, கண் வலி இரண்டையும் எல்லோரும் யோசிக்கிறார்கள். பலரும் யோசிக்காத கேள்வி வேறொன்று: காசு கொடுத்த பிறகு நூல் யார் கையில் இருக்கிறது? கடையை மூடினால், உங்கள் கணக்கை முடக்கினால், கடைக்கும் பதிப்பாளருக்கும் தகராறு வந்தால், அந்த நூல் உங்களிடம் இருக்குமா, இருக்காதா? இதற்குத்தான் என் கணக்கில் முதலிடம்.

அடுத்தது, நண்பருக்கு இரவல் கொடுக்க, பழைய புத்தகக் கடையில் போட, உயிலில் எழுதி வைக்க முடியுமா என்பது. பிறகு மொத்தச் செலவு. கருவி, வரி, தபால், இடம் எல்லாம் சேர்த்து. பிறகு தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா, பெரிதாக்க முடிகிறதா, ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா. எழுதியவருக்கு என்ன போகிறது என்பதையும், நாம் படிப்பதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் வரும் இடத்தில் சொல்கிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு அட்டவணை (பூட்டில்லாக் கோப்பு என்றால் நகலெடுக்கவோ வேறு கருவியில் திறக்கவோ தடை போடாத மின்னூல் கோப்பு):

| வழி | கையில் நிற்குமா | இரவல், மறுவிற்பனை | மறைவான செலவு |
|---|---|---|---|
| அச்சு | நிற்கும் | தடையில்லை | இடம், தபால், கரையான், மறுபதிப்பு வராமல் போவது |
| கிண்டிலில் தனி நூல் | கடை இருக்கும்வரை | முடியாது | கருவி, ஜிஎஸ்டி, ஒரே கடையில் மாட்டிக்கொள்வது |
| மாதச் சந்தா | நிற்காது | முடியாது | படிக்காத மாதமும் பணம் போவது |
| பூட்டில்லாக் கோப்பு | நிற்கும் | கோப்பை நகலெடுக்கலாம். யாருக்குத் தரலாம் என்பது உரிமத்தைப் பொறுத்தது | காப்புப் பிரதி எடுக்கும் வேலை, தரம் பார்க்கும் வேலை |

## அச்சு நூல்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சட்டத்தில் இதற்கு இருக்கும் பலம் பலருக்குத் தெரியாது. ஒரு முறை விற்றுப் புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதியின் மேல் பதிப்பாளருக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பிடி வைக்கவில்லை. நீங்கள் அதை விற்கலாம், கொடுக்கலாம், கல்லூரி நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தரலாம். திருவல்லிக்கேணி நடைபாதைப் புத்தகக் கடைகள் இந்த உரிமையின் மேல்தான் நிற்கின்றன. ரொக்கம் கொடுத்து வாங்கினால் நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பதற்கு எங்கும் பதிவு இல்லை.

செலவிலும் அச்சு அவ்வளவு மோசமில்லை. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்கள் சங்கமான பபாசி நடத்தும் சென்னைக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடி வழக்கம். தபாலிலும் ஒரு ஆறுதல் உண்டு: அஞ்சல் துறை 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவையைத் தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. உள்ளூர்த் தபாலுக்குத்தான் இது. டொராண்டோவுக்கும் சிட்னிக்கும் கட்டுப்படியாகாது.

மறைவான செலவு என்றால், தமிழில் முதலில் சொல்ல வேண்டியது நூல் அச்சில் இல்லாமல் போவதுதான். சிறு பதிப்பகங்கள் சில நூறு பிரதிகள் அடிக்கின்றன. தீர்ந்தால் அடுத்த பதிப்பு வரும் வரும் என்று வருடங்கள் ஓடும். இந்த வருடம் விட்ட நூல் அடுத்த வருடம் கிடைக்காது. வீடு மாறும்போது புத்தக மூட்டைக்கு லாரிக்காரர் கேட்கும் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்க முடியாது என்பது அறுபது தாண்டியவர்களுக்குப் பெரிய குறை. பார்வை இல்லாதவர்களுக்கு அச்சு நூல் மூடிய கதவு. கவிதை, படங்கள் நிறைந்த நூல், குழந்தைகளுக்கான நூல், அகராதி, பக்கம் புரட்டிப் புரட்டி ஓரத்தில் குறிப்பு எழுதும் நூல் ஆகியவற்றுக்கு இன்றும் அச்சுதான்.

## கிண்டிலில் ஒவ்வொன்றாக வாங்குவது

கிண்டில் கடையில் தமிழ் அதிகாரபூர்வமாக வந்தது 2016 டிசம்பரில். வெளிநாட்டுத் தமிழர்களுக்கு அது பெரிய திறப்பு. நள்ளிரவில் ஒரு நூல் ஞாபகம் வந்தால் ஒரு நிமிடத்தில் கையில் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கலாம், மாதிரி சில பக்கங்கள் இலவசமாகப் பார்க்கலாம். அச்சில் நின்றுபோன பல நூல்கள் இங்கே உயிர் பெற்றன. எழுத்தாளர்கள் பதிப்பாளரை நம்பாமல் தாங்களே ஏற்றினார்கள். இதையெல்லாம் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தும்போது நீங்கள் நூலை வாங்குவதில்லை. கிண்டில் கடையின் விதிமுறைகளே தெளிவாகச் சொல்கின்றன: உள்ளடக்கம் உரிமமாகத் தரப்படுகிறது, விற்கப்படுவதில்லை. கலிபோர்னியாவில் இதை மறைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் பிறகு அமெரிக்கக் கடையில் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ‘நீங்கள் பெறுவது உரிமம்’ என்ற வரியைப் போட்டுவிட்டார்கள்.

இது வெறும் சட்ட வார்த்தை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்காக நடந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

2009 ஜூலையில், பழைய பதிவுகளை அரசு அழிக்கும் உலகைக் காட்டும் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலையும் அவருடைய ‘விலங்குப் பண்ணை’யையும் அமேசான் வாசகர்களின் கருவிகளிலிருந்து இரவோடு இரவாக அழித்தது. விற்ற நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது. ஆனால் அதில் பாடக் குறிப்பு எழுதி வைத்திருந்த ஒரு பள்ளி மாணவருக்கு அந்தக் குறிப்புகள் ஒன்றுக்கும் உதவாமல் போயின. வழக்கு நடந்து, அமேசான் 1,50,000 டாலர் கொடுத்து முடித்தது. ஜெஃப் பெசோஸ் அது முட்டாள்தனமான செயல் என்று மன்னிப்புக் கேட்டார்.

2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. வாங்கிய நூல்கள் அந்த ஜூலையில் எல்லோர் திரையிலிருந்தும் மறைந்தன. முழுப் பணமும் கொடுத்தார்கள். குறிப்பு எழுதியிருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகவும் கொடுத்தார்கள். பணம் வந்தது, நூல் போனது.

அமேசானே சீனாவில் கிண்டில் கடையை 2023 ஜூன் இறுதியில் மூடியது. வாங்கிய நூல்களைப் பதிவிறக்கிக்கொள்ள ஒரு வருடம் அவகாசம் தந்தது. கடை மூடப்படுவது நடக்காத காரியமில்லை, ஒரு முழு நாட்டுக்கே நடந்திருக்கிறது.

பிறகு 2025 பிப்ரவரி 26. அதுவரை கணினியில் நூலைப் பதிவிறக்கி யுஎஸ்பி கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி இருந்தது. கோப்பு உங்கள் கணினியில் இருக்கும், அதுவே ஒரு காப்பு. அன்று அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். வைஃபை வழியாகக் கடை தருவதைத்தான் இனிமேல் பெற முடியும்.

ஒரு சின்ன நல்ல செய்தியும் உண்டு. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு, அதாவது டிஆர்எம், வேண்டாம் என்று எழுத்தாளர் தேர்ந்தெடுத்த நூல்களை இபப் (மின்னூல்களுக்கான பொதுக் கோப்பு வடிவம்) அல்லது பிடிஎஃப் கோப்பாகப் பதிவிறக்கிக்கொள்ள 2026 ஜனவரி 20 முதல் அமேசான் வழி செய்தது. ஆக, எல்லாக் கிண்டில் நூலும் ஒன்றல்ல. பூட்டியதா பூட்டாததா என்பது எழுத்தாளரோ பதிப்பாளரோ செய்யும் தேர்வு. இதற்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

பூட்டை உடைத்தால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1998இல் வந்த சட்டப்படி உடைப்பதே சட்டவிரோதம். இந்தியாவில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை. நோக்கம் என்ற சொல் வாசகருக்குச் சாதகம்தான். ஆனால் கிண்டில் விதிமுறை தனியாக அதைத் தடுக்கிறது, கணக்கை முடக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. கணக்கு போனால் மொத்த நூலகமும் போகும். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

செலவுக் கணக்கு இப்படி. மின்னூலுக்கு 2018 ஜூலையில் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, அதுவும் அச்சிலும் வந்த நூலுக்கு மட்டும். அச்சுக்குச் சுழியம், மின்னூலுக்கு வரி. இந்தக் கொள்கையின் நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கருவி வேண்டுமென்றால், 2025இல் இந்தியாவுக்கு வந்த பேப்பர்ஒயிட் என்ற கிண்டில் கருவியின் விலை அப்போது 16,999 ரூபாய். அச்சில் 300 ரூபாய்க்கு விற்கும் நூல் கிண்டிலில் 150 என்று வைத்துக்கொண்டால், நூற்றுப் பதினான்காவது நூலில்தான் கருவியின் விலை மீளும். கைப்பேசிச் செயலியில் படித்தால் இந்தச் செலவு இல்லை, கண்தான் செலவு.

நீங்கள் எந்தப் பக்கம் வரை படித்தீர்கள், எந்த வரியில் கோடு போட்டீர்கள் என்பதெல்லாம் அமேசானின் கணினிக்குப் போகிறது. இத்தனை பேர் இந்த வரியைக் கோடிட்டார்கள் என்று நூலிலேயே காட்டுவது அதனால்தான். துப்பறியும் நாவல் படிப்பவருக்கு இது பொருட்டில்லை. நோய், மதமாற்றம், விவாகரத்து பற்றிப் படிப்பவருக்குப் பொருட்டு.

அடிக்கடி பயணம் செய்பவர், வெளிநாட்டில் இருப்பவர், எழுத்தைப் பெரிதாக்கியே படிக்க முடிகிறவர், இட நெருக்கடியில் வாழ்பவர் இவர்களுக்கெல்லாம் கிண்டில் நல்ல தேர்வு. வாடகை கொடுக்கிறோம் என்ற நினைப்போடு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

## மாதச் சந்தா

கிண்டில் அன்லிமிடெட் என்பது அந்தக் காலத்து வாடகை நூலகம்தான். ஒரே நேரத்தில் இருபது நூல் வரை எடுத்து வைத்துக்கொள்ளலாம், பணம் கட்டுவதை நிறுத்தினால் எல்லாம் திரும்பிப் போய்விடும். அதை அவர்கள் மறைக்கவில்லை, அதனால் எனக்குப் புகாரும் இல்லை.

தமிழில் குடும்ப நாவல், துப்பறியும் நாவல், தானே வெளியிடும் எழுத்தாளர்களின் நூல்கள் இதில் குவிந்து கிடக்கின்றன. நீங்கள் தேடும் தீவிர இலக்கிய நூல் இருக்குமா என்பது அதிர்ஷ்டம். சந்தா கட்டுவதற்கு முன் அடுத்து படிக்க நினைக்கும் பத்துத் தலைப்புகளை எழுதிவைத்து, ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ஐந்துகூடத் தேறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாவல் முடிப்பவருக்கு இதைவிட மலிவான வழி, தெருமுனை அரசு நூலகம் தவிர, வேறில்லை.

எழுதியவர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது, வாசகரையும் அது தொடுகிறது. அமேசானின் சுயவெளியீட்டுத் தளமான கேடிபியில் தானே வெளியிடும் எழுத்தாளருக்கு 35 அல்லது 70 சதவீதம் என்று இரண்டு விகிதம். இந்திய விற்பனையில் 70 வேண்டுமென்றால் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் நூல் சந்தாவுக்கும் போகும், வாசித்த பக்கத்துக்கு ஏற்பப் பணமும் வரும். ஆனால் தொண்ணூறு நாள் வீதம் அந்த மின்னூல் அமேசானைத் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது. எழுத்தாளர் தன் சொந்தத் தளத்தில் விற்றால்கூட மீறல்தான். அச்சில் பத்து சதவீத உரிமைத்தொகையே இழுபறியாக வந்த ஒருவருக்கு எழுபது என்பது விட முடியாத எண். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரின் இபப் கோப்பு வேறு கடைகளில் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

## பூட்டில்லாக் கோப்பு

இபப் கோப்பு ஒன்று கையில் இருந்தால் எந்தக் கருவியிலும் திறக்கலாம். கோவித் கோயல் 2006இல் தொடங்கிய காலிபர் என்ற இலவச மென்பொருளில் சேர்த்து வைக்கலாம். கிண்டிலுக்கே அனுப்பிப் படிக்கலாம், இபப்பை அது இப்போது ஏற்றுக்கொள்கிறது. பார்வையற்றவர் தன் கைப்பேசி வாசிப்பானில் கேட்கலாம். பூட்டு போட்ட நூலில் இது கடையின் தயவு, பூட்டில்லாத நூலில் வாசகரின் வசதி.

இலவசத்தில் தமிழ் பணக்கார மொழி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 2013இலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, பகிர அனுமதிக்கும் உரிமத்தில் நூல் வெளியிடும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் திட்டம். எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்தவையும், தமிழக அரசு நாட்டுடைமையாக்கியவையும் யார் வேண்டுமானாலும் வெளியிடக்கூடியவை. பாரதி, பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் எல்லோரும் இதில் அடக்கம். கடையில் இவர்களுடைய நூலுக்குக் காசு கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் மதுரைத் திட்டத்தைப் பார்த்துவிடுங்கள். யாரோ ஒருவர் அங்கிருந்து எடுத்து, எழுத்துப் பிழையோடு ஒரு அட்டை ஒட்டி, விலை போட்டு வைத்திருப்பார்.

காசு கொடுத்து வாங்கும் பூட்டில்லாத் தமிழ் நூல்கள்தான் குறைவு. கூகுள் பிளே புக்ஸில் பதிப்பாளர் அனுமதித்தால் பூட்டில்லாமல் ஏற்றுமதி செய்யலாம். நூலின் பக்கத்தில் கீழே இறங்கிப் போனால் உள்ளடக்கப் பாதுகாப்பு என்று ஒரு வரி இருக்கும், டிஆர்எம் உண்டா இல்லையா என்று அங்கே தெரியும். பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய வரி அது.

பூட்டு போடாவிட்டால் திருட்டுப் பிரதி பரவும் என்று பதிப்பாளர்கள் பயப்படுகிறார்கள். பயம் புரிகிறது. ஆனால் டெலிகிராம் குழுக்களில் சுற்றும் தமிழ் பிடிஎஃப்களைத் திறந்து பாருங்கள். கோணலாக, ஓரத்தில் கட்டைவிரல் நிழலோடு, அச்சு நூலைப் படம் பிடித்தவையாகவே பெரும்பாலும் இருக்கும். அவர்களுக்கு டிஆர்எம் ஒரு தடையே இல்லை. காசு கொடுத்தவர் கையைத்தான் அது கட்டுகிறது.

இதில் உங்களுக்கு வரும் செலவு உழைப்பு. இரண்டு இடத்திலாவது காப்பு வைக்க வேண்டும். தரமும் பார்க்க வேண்டும், குறிப்பாகப் பழைய பிடிஎஃப்களில். ஒரு எளிய சோதனை சொல்கிறேன்: ஒரு தமிழ்ச் சொல்லை அழுத்திப் பிடித்து நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் ஒருங்குறி (யூனிகோட்), தேடலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், கேட்கலாம். ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை கொட்டினால் அது ஒருங்குறிக்கு முந்தைய, பாமினி போன்ற பழைய எழுத்துரு. எதுவுமே நகலாகவில்லை என்றால் வெறும் படம். கடைசி இரண்டையும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

## யார் எதை எடுப்பது

பழைய தொடர்கதைகளை மீண்டும் படிக்க ஆசைப்படும், கண் மங்கிய அம்மாவுக்கு ஒரு பெரிய திரை டேப்லெட்டும் சந்தாவும் போதும். உரிமை பற்றிய என் பிரசங்கம் அவருக்குத் தேவையில்லை. ஆய்வு மாணவருக்கு அச்சும் ஒருங்குறிக் கோப்பும் சேர்ந்து வேண்டும், மேற்கோளுக்கு ஒன்று, தேடலுக்கு ஒன்று. கிண்டிலில் மட்டும் இருக்கும் நூலை ஆய்வுக்கு நம்புவது ஆபத்து. திருத்திய பதிப்பு வந்தால் பழையது மாறிவிடலாம். வெளிநாட்டுக் குடும்பங்கள் குழந்தைகளுக்கான நூல்களை மட்டும் ஊருக்கு வரும்போது அச்சில் அள்ளிக்கொண்டு போய்விட்டு, மற்றவற்றைக் கிண்டிலில் பார்த்துக்கொள்ளலாம். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் எதையும் முடிவு செய்வதற்கு முன் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ ஒரு முறை போய்வரட்டும்.

ஏற்கெனவே கிண்டிலில் நிறைய நூல் சேர்த்துவிட்டவர்கள் பதற வேண்டாம். பட்டியலைத் திறந்து, திரும்பப் படிப்பேன் என்று நினைப்பவற்றை மட்டும் குறியுங்கள். எனக்குத் தெரிந்து அது கால்வாசிகூட வராது. அவற்றில் அச்சில் கிடைப்பதை மெதுவாக வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காதவற்றுக்கு, எழுத்தாளர் தானே வெளியிட்டவராக இருந்தால், நேரடியாக ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள். பழைய நூலாக இருந்தாலும் டிஆர்எம் வேண்டாம் என்று அவர் தன் கேடிபி கணக்கில் மாற்றிக் கொடுத்தால், வாங்கியவர்கள் இபப் எடுத்துக்கொள்ளலாம். ‘செலக்ட்’ திட்டத்தில் இருப்பவரும் இதைச் செய்யலாம், எழுபது சதவீதம் போகாது. நான் பேசிய எழுத்தாளர்களில் பலர் நூலை ஏற்றிய அன்று டிஆர்எம் வேண்டுமா என்ற கேள்விக்கு என்ன பதில் கொடுத்தோம் என்பதையே மறந்துவிட்டிருந்தார்கள்.